'ஒரிஜினல் மாதிரியே இருக்கும் தம்பி!'

பழைய பைக் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. துடைத்துத் துடைத்து நிழலில் நிறுத்தி ஃபோட்டோ எடுப்பவர்கள் ஒரு வகை. காய்கறி வாங்கவும் கல்யாணத்துக்குப் போகவும் அதையே ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இப்போது புலம்பப் போவது இரண்டாவது வகைக்காக. (முதல் வகை மக்களும் படிக்கலாம், காசா பணமா!)

பழைய வண்டிகளுக்கு இன்று புதிதாகச் செய்து விற்கிற பாகங்களின் தரம் மோசம் என்று எந்த மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். உண்மைதான், பல பாகங்கள் மோசம். ஆனால் என் கட்சி கொஞ்சம் வேறு. தரம் குறைந்த பொருளை மன்னித்துவிடலாம். அதைப் பற்றிச் சொல்கிற பொய்யையும், காசு கைமாறிய பிறகு காணாமல் போவதையும்தான் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு யெஸ்டி ரோட் கிங் இருக்கிறது. சேலத்தில் இருக்கும் என் தாய்மாமாவுடையது, 1987 மாடல். யெஸ்டி தெரியாத வகுப்புத் தோழர்களுக்காக ஒரு சின்ன வரலாறு. மைசூரில் ஐடியல் ஜாவா என்ற கம்பெனி 1961 முதல் செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா பைக்குகளை இங்கே செய்தது. 1973-ல் பெயரை யெஸ்டி என்று மாற்றினார்கள். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சைலன்ஸர். கிக் ராடும் கியர் ராடும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக், இறக்கிவிட்டால் கியர். 1996-ல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். 2022-ல் அதே பெயரில் புது வண்டிகள் வந்தன. ஆனால் அவை 334 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின். மாமா வண்டிக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், வேறு பத்துப் பொருத்தமும் இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். கம்பெனி மூடி ஏறக்குறைய முப்பது வருடம். அப்படியானால் பளபளவென்று புது அட்டைப் பெட்டியில், நேற்று அச்சடித்த ஸ்டிக்கரோடு, 'ஒரிஜினல் யெஸ்டி பிஸ்டன்' எங்கிருந்து வரும்? குடோனில் தப்பிக் கிடந்த பழைய ஸ்டாக் என்றால் பெட்டி மக்கியிருக்க வேண்டும். புதிதாகச் செய்தது என்றால் அது ஒரிஜினல் இல்லை. இரண்டில் ஒன்றுதான். ஆனால் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டாலும், பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கேட்டாலும், டெல்லி கரோல் பாக்கில் இருந்து பார்சல் அனுப்புகிறவரிடம் கேட்டாலும் பதில் ஒன்றே: 'ஒரிஜினல்தான் தம்பி'. கொஞ்சம் அழுத்திக் கேட்டால், 'ஒரிஜினல் மாதிரியே இருக்கும் தம்பி!'

இந்த 'மாதிரியே'வுக்குள் ஒரு உலகமே இருக்கிறது.

இதில் நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'ஒரிஜினல் இருந்தா குடுங்க, டூப்ளிகேட் வேணாம்' என்று எல்லோரும் கேட்டால், கடைக்காரர் என்ன செய்வார்? 'இது லூதியானாவில் ஒரு பட்டறையில் செய்தது, பரவாயில்லாமல் உழைக்கும்' என்று உண்மையைச் சொன்னால் வாங்குபவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அங்கே அதே பொருளை ஒரிஜினல் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். உண்மை சொல்பவனுக்கு நஷ்டம் என்று ஆனபின் யார் சொல்லப் போகிறார்கள்?

இன்னொரு மூடநம்பிக்கையும் இருக்கிறது. பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது. கியர், ஷாஃப்ட், லீவர் என்றால் சரி, துரு இல்லாவிட்டால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ரப்பர்? முப்பது வருடம் அலமாரியில் கிடந்த ஆயில் சீல், எந்தக் கம்பெனி செய்திருந்தாலும், உதடு விறைத்துப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்பி வரவேண்டும். பிளாஸ்டிக் மாதிரி நின்றால் குப்பைதான். அந்த இடத்தில் போன மாதம் செய்த நல்ல நைட்ரைல் ரப்பர் சீல், 'டூப்ளிகேட்' என்று நாம் ஒதுக்குகிற அதே சீல், எவ்வளவோ மேல்.

சீல் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறுகிறது. அதனால் கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் சீல்கள் காற்றுப் புகாமல் காக்க வேண்டும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் உள்ளே இருக்கிற ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும், பின்னால் வெள்ளைப் புகை கொசு மருந்து வண்டி மாதிரி வரும். அதாவது பார்த்ததும் தெரிந்துவிடும். மேக்னட் பக்கத்து சீல் போனால்தான் ஆபத்து. வெளிக்காற்று உள்ளே புகும், கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு கலந்த ஆயிலும் குறையும், சூடு ஏறும், ஒரு நாள் நல்ல வேகத்தில் பிஸ்டன் ஜாம் ஆகிப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் கிளட்சைப் பிடிக்கத் தெரிந்தவன் பிழைப்பான். டீக்காசுக்கு வருகிற ஒரு ரப்பர் வளையம், மக்களே.

பிஸ்டன் கதை இன்னொன்று. யெஸ்டி சிலிண்டரின் விட்டம் 65 மி.மீ. தேய்ந்தபின் போர் செய்து 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் போட வேண்டும். ஒரே கடையில், ஒரே பெட்டி, ஒரே எண் போட்ட இரண்டு பிஸ்டனை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன் (மெக்கானிக்கல் படித்து வேறென்ன கண்டோம்). 0.06 மி.மீ. வித்தியாசம். மிகக் குறைவான இடைவெளியில் ஓட வேண்டிய பொருள் அது! அதனால்தான் நல்ல மெக்கானிக்குகள் பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே சிலிண்டரை லேத்துக்கு அனுப்புகிறார்கள். குரோம் பற்றிப் பேசவே வேண்டாம். செம்பும் நிக்கலும் அடியில் ஒழுங்காகப் பூசாமல் மேலே மட்டும் மினுக்கியது, முதல் மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாகத் துரு. ஆனால் துருப்பிடித்த சைலன்ஸரால் யாரும் சாகப் போவதில்லை, விடுங்கள்.

பிரேக் ஷூ அப்படியில்லை.

போன வருடம் மாமா ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் பின் பிரேக் ஷூ வாங்கினார். பெயர் வேண்டாம். 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று போட்டிருந்தது. பணம் போகும்வரை ஐந்து நிமிடத்துக்குள் பதில், 'அண்ணே' 'அண்ணே' என்று ஒரே மரியாதை. மாட்டி மூன்று வாரம். ஏற்காட்டில் இருந்து இறங்கி வரும்போது, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதியைத் தாண்டிய இடத்தில், மிதித்தால் ஒரு கரகர சத்தம், அதற்குப் பிறகு பிரேக் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் என்பதும் பேருக்குத்தான். முன் பிரேக்கையும் கியரையும் வைத்து, வளைவுக்கு முன்னால் மலைப் பக்கச் சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறார். முழங்கையில் தையல், அத்தோடு போயிற்று. அத்தை இன்றுவரை அந்த வண்டியில் ஏறவில்லை.

டிரம்மைத் திறந்தபோது நானும் இருந்தேன். ஷூவில் ஒட்டியிருந்த லைனிங் மொத்தமாகக் கழன்று துண்டு துண்டாகக் கிடந்தது. அலுமினியத்தில் பசை ஒட்டிய தடம் நடுவில் ஒரு கோடு மட்டும். மிச்ச இடம் பசையையே பார்க்கவில்லை. இதில் வாதிட என்ன இருக்கிறது? ஃபோட்டோ எடுத்து அனுப்பினோம். வந்த பதில் மூன்று. முதலில், 'மெக்கானிக் சரியாப் போடலை'. இரண்டாவது, 'இது பழைய வண்டி பார்ட், கேரண்டி கிடையாது'. மூன்றாவது, பதிலே இல்லை, இரண்டு நீல டிக் மட்டும். எங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னார்: 'பொருள் கெட்டுப் போறது சகஜங்க தம்பி. ஃபோனை எடுத்து, அதைத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தா, அந்த ஆளு அடுத்தவனுக்கு அதை வித்திருக்க மாட்டான்ல?'

நான் யோசித்துக் கொண்டிருப்பது இதைத்தான். கஸ்டமர் சர்வீஸ் என்றால் நாம் ஏதோ இனிமையாகப் பேசுவது, 'ஹேவ் எ நைஸ் டே' சொல்வது என்று நினைக்கிறோம். பெரிய கம்பெனிகளில் பாகத்தைச் சோதிக்க ஆட்களும் கருவிகளும் உண்டு. பழைய வண்டிப் பாகம் செய்யும் பட்டறையில் அது இல்லை. வாங்கிய நாமே ஓட்டிச் சோதிக்கிறோம். அப்படியானால் நம் புகார்தான் அவர்களுடைய ஒரே ஆய்வுக்கூடம். அதைக் காதில் வாங்காதவன் சேவையில் மட்டும் குறை வைக்கவில்லை, தரத்தின் கதவையே சாத்துகிறான். அதே ஷூ இன்னும் எத்தனை டிரம்முக்குள் இருக்கிறதோ.

விற்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு பாகத்துக்கு டை அடிக்கக் காசு வேண்டும். ஓடுகிற யெஸ்டிகள் குறைவு. அதில் வாங்குகிறவர் இன்னும் குறைவு. போட்ட காசு எப்போது திரும்பும்? அதிலும் சிலர் பொருத்தும்போது அரத்தால் ராவிவிட்டு, 'ஃபிட் ஆகலை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒயரிங்கில் ஷார்ட் வைத்துக்கொண்டு புதுக் காயில் எரிந்துவிட்டது என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. எலக்ட்ரிக்கல் பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால் அவர் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் பசை ஒட்டாத பிரேக் ஷூவுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் வின்சென்ட் என்ற பைக், 1955-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் உரிமையாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து உதிரிபாகங்களுக்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். தாங்கள் செய்வித்த பாகங்களைக் கொண்டே ஒரு முழு பிளாக் ஷேடோ வண்டியைப் புதிதாகக் கட்டி ஓட்டியும் காட்டினார்கள். அங்கே பாகம் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே சங்கத்து ஆட்கள். மோசமான பொருளை விற்றுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு எந்த முகத்தோடு வருவது? நம் ஊரில் ஜாவா, யெஸ்டி, புல்லட் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, ஜூலை மாதம் ஜாவா தினம் என்று ஊர்வலமும் போகிறோம். டி-ஷர்ட் அடிக்கிற காசில் பாதியை ஒரு பிரேக் ஷூ டைக்குப் போட்டால் என்ன என்பது என் கேள்வி. :-)

சட்டம் வேறு நம் பக்கம் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற அந்தப் புகழ்பெற்ற போர்டைக் காட்டிக் குறையுள்ள பொருளை நம் தலையில் கட்ட முடியாது. புகாரை நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம், டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. முதல் படியாக 1915 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யலாம். இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பவர் எதைக் குறைக்கிறார் என்று இப்போது புரிகிறதா?

விற்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. செய்த பட்டறையின் பெயரும் மாதமும் பெட்டியில் இருக்கட்டும். பிஸ்டன் என்றால் அளந்த அளவை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். ரப்பர் என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா, தாங்காதா என்று சொல்லுங்கள். இப்போது பங்கில் அதுதான் கிடைக்கிறது, பழைய பெட்ரோல் டேப்பின் ரப்பர் அதில் உப்பிக்கொண்டு படுத்துகிற பாடு தனிக் கதை. 'டூப்ளிகேட்' என்று எழுதிக்கூட விற்கலாம், நான் வாங்குவேன்.

மாமா புகார் எழுதிக் கொடுத்துவிட்டார், அது நடக்கிறபடி நடக்கட்டும். வண்டிக்கு வேறு வழி பார்த்தோம். 1987-ல் கம்பெனியில் இருந்து வந்த பழைய ஷூ பரணில் கிடந்தது. அதை லாரிகளுக்கு பிரேக் லைனிங் அடிக்கிற ஒரு கடைக்கு எடுத்துப்போனார் மாமா. அந்தப் பெரியவர் ஷூவைத் தட்டிப் பார்த்து, விரிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பசையோடு ரிவெட்டும் அடித்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஆணியால் ஷூவின் ஓரத்தில் தேதியைக் கீறினார். எதற்கு என்று கேட்டதற்கு, 'திரும்பி வந்தா எப்ப அடிச்சதுன்னு எனக்குத் தெரியணும்ல கண்ணு' என்றார்.