குளிராத பனி

நல்ல படத்தை ரசிக்கவும் ஒரு தகுதி வேண்டுமாம்! மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' (2017) எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு நண்பர்கள் சிலர் தந்த பதில் இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அதனாலேயே கலைக்கண் இல்லாமற் போய்விடுமா?

1999 கார்கில் போரில் விமானம் வீழ்ந்து, பாகிஸ்தான் சிறையில் கிடக்கும் விமானி வருண், தான் காதலித்த மருத்துவர் லீலாவை நினைத்துப் பார்ப்பதுதான் கதை. ரவிவர்மனின் ஒளிப்பதிவு கண்ணைப் பறிக்கிறது. ரகுமானின் இசைக்குத் தேசிய விருதே கிடைத்தது. ஆனால் இத்தனை பனியைக் காட்டியும் பார்ப்பவர்க்கு ஒரு கணமேனும் குளிரவில்லையே!

படமெடுத்த இடங்களில் ஒன்றான லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் தாம்பரத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். புதிதாகப் போகிறவர்க்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். இப்படத்திலோ மூச்சு வாங்குவோரைக் காணோம். வசனம் மட்டும் துண்டு துண்டாக வருகிறது. மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டில் பூ விற்பவர் என் அம்மா. கூட உட்கார்ந்து பார்த்தவர், "இவங்களுக்கெல்லாம் குளிரவே குளிராதாடா?" என்று கேட்டார். நான் படித்த விமர்சனங்களில் இதைவிட நல்ல கேள்வி இல்லை.

அந்தப் பனி விளையாட்டுப் பொருளன்று. திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று பதாலிக் மலையில் வீழ்ந்தார். அவர் உடலை மீட்க ஒரு மாதத்திற்கு மேல் ஆயிற்று. நம் ஊர் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு, போர் என்பது காதலுக்குப் பின்னே தொங்கும் திரைச்சீலையாக முடியுமா? அந்தக் காதலும் எப்படிப்பட்டது! வருண் லீலாவைப் பலர் முன்னிலையில் அவமதிக்கிறான். பதிவுத் திருமணத்திற்கு வராமலே இருந்துவிடுகிறான். மலையழகும் இசையும் சேர்ந்து அதையெல்லாம் மறந்துவிடச் சொல்கின்றன. ஆணவத்திற்கு ஆழம் என்று பெயர் சூட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கலைப்படமே எனக்கு ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் பாட்டே கிடையாது. பாதி கட்டிய வீட்டின் மனையைக் குடிநீர் வாரியம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று தெரியவரும்போது, கொத்தனார் மகனான எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பாகிஸ்தான் சிறையிலிருந்து வருண் தப்பி ஓடியபோது, இன்னும் எவ்வளவு நேரம் படம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.