முகாம் வேனுக்கு மின்கலமா? பள்ளி வேனுக்கா?



கடந்த மாதம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து ஒரு திட்டத்தை முன்வைத்தார். விருந்து நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டுவதாம். அந்நிதியைக் கொண்டு மின்சார வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் பொருத்தி, சாரணர் முகாமுக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் பயன்படுத்துவதாம். விடுமுறையில் ஆசிரியர் குடும்பங்களுக்கு வாடகைக்கும் விடலாம் என்றார். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் மலையடிவாரத்தில் அத்தகைய வேனுக்குள் காப்பி கலக்கும் காணொளியையும் காட்டினார். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அதன் பிறகு 'புதுமைக்கு எதிரி' என்னும் பட்டம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அப்பட்டத்திற்கு விளக்கம் எழுதவே இப்பதிவு.

(தமிழாசிரியன் என்ற முறையில் 'மூடுந்து' என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் காலையில் காத்திருப்பது 'வேனு'க்காகத்தான். எனவே இங்கு வேன் என்றே எழுதுகிறேன். பொறுத்தருள்க.)

முதலில் விலையைப் பார்ப்போம். அன்பர் காட்டிய காணொளியில் இருந்தது வோல்க்ஸ்வேகன் நிறுவனத்தின் ஐடி பஸ். 1950இல் வெளிவந்த பழைய வோல்க்ஸ்வேகன் வேனின் மின்சார வாரிசாக 2022இல் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தது. அதே நிறுவனம் 2024இல் வெளியிட்ட புதிய கலிஃபோர்னியா முகாம் வேனின் விலை, கலப்பின வகையைத் தொடும் முன்பே 60,000 யூரோவைத் தாண்டிவிடுகிறது. அது இங்கு எதற்கு என்பீர்கள். சரி, இங்கு விற்பனைக்கு வந்ததையே எடுத்துக்கொள்வோம். மேக்சஸ் மிஃபா 9 என்னும் ஏழு இருக்கை மின்வண்டி 2023இல் மலேசியாவுக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 270,000 ரிங்கிட். பத்து விழுக்காடு முன்பணம் போக மீதியை ஒன்பது ஆண்டுகளில், அதாவது 108 மாதங்களில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், வட்டியே சேர்க்காமல் மாதம் 2,250 ரிங்கிட். படுக்கைக்கும் அடுப்புக்கும் இன்னும் ஒரு காசு கூடச் செலவழிக்கவில்லை! இருக்கையைக் கழற்றிக் கட்டில் போடுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலும் பரிசோதனையும் தேவை என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

'எண்ணெய்ச் செலவு மிச்சமாகுமே' என்கிறார்கள். மிச்சமாகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகாம் வேன் ஓராண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? தீபாவளி, பள்ளி விடுமுறை, ஓரிரு சாரணர் முகாம் எல்லாம் சேர்த்து 3,000 கிலோமீட்டர் என்பது தாராளமான கணக்கு. டீசல் வேனுக்கு நூறு கிலோமீட்டருக்கு பத்து லிட்டர் என்றால் 300 லிட்டர். 2024 ஜூன் 10இல் உதவித்தொகை நீங்கி லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய விலையில் 1,005 ரிங்கிட். மின்வேனோ நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும்போது நூறு கிலோமீட்டருக்கு 25 கிலோவாட்மணி அளவில் குடிக்கும். ஆண்டுக்கு 750 கிலோவாட்மணி. வீட்டில் மின்னேற்றினால் மலிவுதான். ஆனால் முகாமுக்குப் போகிறவன் வீட்டிலா இருக்கிறான்? நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்து விரைவு மின்னேற்றியில் ஒரு கிலோவாட்மணி 1.20 ரிங்கிட் முதல் 1.50 ரிங்கிட் வரை ஆகிறது. 900 ரிங்கிட்டும் ஆகலாம். 1,125 ரிங்கிட்டும் ஆகலாம். ஆக, மிச்சமும் இல்லை, சொச்சமும் இல்லை.

அடுத்தது, நடைமுறை. வடக்கிலிருந்து கேமரன் மலைக்கு ஆறு பேரும் கூடாரமும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். மின்கலத்தைப் பத்து விழுக்காட்டிலிருந்து எண்பது விழுக்காடு வரை ஏற்றி ஓட்டுவதே பயண வழக்கம். மிஃபாவின் 90 கிலோவாட்மணியில் அது 63. சமதரையில் 250 கிலோமீட்டர் போகலாம். பிறகு மலை. மூன்று டன் எடையை 1,400 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 11 கிலோவாட்மணிக்கு மேல் வேண்டும். அறிவியல் பாடத்தில் நாம் நடத்தும் கணக்குதான் இது. மாணவரிடம் கொடுத்தாலும் போட்டுவிடுவர். இறங்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏறும்போது அல்லவா பிள்ளைகள் 'சார், பசிக்குது' என்பார்கள்! 2025 முடிவுக்குள் நாடு முழுவதும் 10,000 பொது மின்னேற்றிகள் அமைப்பது அரசாங்கத்தின் இலக்கு. ஆண்டு முடிந்தது, இலக்கு எட்டப்படவில்லை. இருப்பவற்றிலும் பெரும்பகுதி பெருநகரங்களைச் சுற்றியே இருக்கிறது. விடுமுறை நாளில் ஓய்வு நிலையத்தில் வரிசையில் நிற்கும் அனுபவத்தை மின்மகிழுந்து வைத்திருக்கும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

'அப்படியானால் கலப்பினம் வாங்கலாமே' என்று ஓர் ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி. செருகி மின்னேற்றும் கலப்பின வேனில் சிறிய மின்கலமும் பெட்ரோல் இயந்திரமும் சேர்ந்தே இருக்கும். மின்சாரத்தில் ஓரளவு தொலைவு ஓடும்; அதன் பின் இரண்டையும் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும். அன்றாடம் குறுந்தொலைவு போய் வருபவருக்கு அது பொருந்தும். ஆண்டில் நான்கு முறை நெடுந்தொலைவு போகும் வேனுக்கு, அரிசி மூட்டையோடு உமி மூட்டையையும் சுமந்த கதைதான். டொயோட்டா எஸ்டிமா கலப்பின வேன் 2001லேயே 1,500 வாட் மின்செருகியோடு ஜப்பானில் வெளிவந்தது. முகாமுக்கு அருமையான வண்டி, ஐயமில்லை. இன்று பழையதாக வாங்கினால் மின்கலத்தை மாற்றும் செலவு நம் தலையில் விழும். 2019இல் உற்பத்தியும் நின்றுவிட்டது.

ஒன்றை மட்டும் மின்வேனுக்குச் சாதகமாக ஒப்புக்கொள்கிறேன். இரவில் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியில் தூங்குவது உயிருக்கே உலை வைக்கும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு மணமற்றது, எச்சரிக்காது. மின்வேனில் அந்த அச்சமில்லை. ஓரிரவுக் குளிரூட்டலுக்கு ஐந்தாறு கிலோவாட்மணி போதும். பணம் படைத்தவர் இதற்காகவே வாங்கினாலும் நான் குறை சொல்லேன். சொந்தப் பணம், சொந்த விருப்பம். நான் எதிர்ப்பது பள்ளியின் பெயரால் திரட்டும் பணத்தை அதில் போடுவதை.

நிற்க. என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளி செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தோட்டத்தில் இப்போது குடும்பங்கள் குறைவு. பிள்ளைகளில் பெரும்பாலோர் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தாமான்களிலிருந்து வேனில்தான் வருகிறார்கள். அந்த வேன்களோ அப்பிள்ளைகளின் பெற்றோர் படித்த காலத்திலிருந்தே ஓடுகின்றன. காலையில் பள்ளி வாயிலில் இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கும்போது, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அந்தக் கரும்புகையின் ஊடேதான் இறங்குகிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில் சேர்த்தது. சுற்றுச்சூழல் கல்வி புகட்டவே மின்முகாம் வேன் என்று சொன்ன அன்பர், நம் வாயிலில் அப்புகையைக் கண்டதில்லையோ?

2024இல் டீசல் விலை ஏறியபின் எங்கள் வேன் கட்டணமும் ஏறியது. ஓட்டுநர் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அவர் பிழைப்பு அது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாய் மாற்றுச் சான்றிதழ் கேட்டு என் மேசைமுன் நின்றார். 'சார், மூணு பிள்ளைங்களுக்கு வேன் காசு கட்ட முடியல. பக்கத்துல இருக்கிற ஸ்கூலுக்கு நடந்தே போயிடுவாங்க' என்றார். மூன்று பெயர்களை என் கையாலேயே வருகைப் பதிவேட்டிலிருந்து அடித்தேன். தமிழ்ப்பள்ளியில் மாணவர் குறைவதற்கு மொழிப்பற்று இல்லாமையே காரணம் என்று மேடையில் முழங்குவோர், வேன் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்தத் தாய்க்கு மொழிப்பற்று இல்லை என்று யார் சொல்வது?

இப்போது அதே கணக்கைப் பள்ளி வேனுக்குப் போடுங்கள். ஓட்டுநர் அண்ணனிடம் ஒரு பயிற்றுப்புத்தகம் கொடுத்து இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறித்துவைக்கச் சொன்னேன். நாளுக்கு 80 கிலோமீட்டரை ஒட்டியே வருகிறது. ஒரே பாதை, மிதமான வேகம், மலை இல்லை. காலை எட்டு மணி முதல் பகல் பன்னிரண்டரை வரை வேன் மரத்தடியில் சும்மா நிற்கிறது. மின்வேனானால் 80 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட்மணி. சாதாரண 7 கிலோவாட் மின்னேற்றியில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கிலோவாட்மணிக்கு 50 சென் என்று வைத்தாலும் 8 ரிங்கிட். டீசலில் எட்டு லிட்டர், அதே 2024 ஜூன் விலையில் 26 ரிங்கிட் 80 சென். 190 பள்ளி நாளுக்கு மிச்சம் 3,572 ரிங்கிட். மின்கலமும் முகாம் வேனுக்கு வேண்டியதில் பாதி போதும். நிஸ்ஸானின் இ-என்வி200 வேனில் 2018 முதல் 40 கிலோவாட்மணி மின்கலமே இருந்தது. மின்வண்டிக்குப் பொருத்தமான வேலை எது என்று இனிமேலும் நான் சொல்ல வேண்டுமா?

'ஓட்டுநர் மட்டும் எங்கே போய் வாங்குவார்?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தனியாளாக அவரால் முடியாது. 3,572 ரிங்கிட் மிச்சம் மின்வேன் கடனை அடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பள்ளிப் பேருந்துகளைத் தூய்மையானவையாக மாற்ற ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இங்கோ, இறக்குமதி மின்வண்டிகளுக்கு 2025 முடிவு வரை கிடைத்த வரிவிலக்கின் பெரும்பயன் சொகுசு மகிழுந்து வாங்கியவர்களுக்கே போனது. பள்ளி வேனுக்கென்று மானியம் கேட்டு நாம் ஒரு கடிதமாவது எழுதியிருக்கிறோமா? முகாம் வேனுக்கு விருந்து நடத்தத் தெரிந்த நமக்கு அது தோன்றவில்லையே!

சாரணர் முகாமுக்குக் கூடாரங்கள் போதும். பள்ளிக் கிடங்கில் ஆறு இருக்கின்றன. இரண்டுக்குத்தான் கம்பி இல்லை.

அடுத்த கூட்டத்தில் நான் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவரப் போகிறேன். விருந்து நடக்கட்டும், திரளும் நிதியில் முதற்பகுதி, இரண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களின் வேன் கட்டணத்துக்குப் போகட்டும். மாவட்டத்திலுள்ள மற்றத் தமிழ்ப்பள்ளிகளின் சங்கங்களோடு சேர்ந்து பள்ளி மின்வேன் மானியத்துக்கு ஒரு மனு எழுதுவோம். ஓட்டுநர்களின் கணக்குப் புத்தகங்களை அதனோடு இணைப்போம். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். உங்கள் பள்ளி வேன் நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டுக் குறித்து அனுப்புங்கள். எங்கள் அண்ணனின் பயிற்றுப்புத்தகத்தில் இன்னும் நிறையப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.