மலைவாசிக்குக் கணினி எதற்கு?

"மலையிலே நாற்று நடுகிறவனுக்குக் கணினி எதற்கு?" என்று வினவும் கனவான்கள் நம்மிடையே இன்றும் இருக்கின்றனர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று முன்னொரு நாள் கேட்ட வாய்தான் இது. கேள்வியின் உடை மாறியிருக்கிறதேயன்றி உள்ளம் மாறவில்லை. இவர்களுக்கு விடை கூறப் புதிதாக வாதங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. சரவாக்கிலுள்ள பாரியோ என்ற ஊரைச் சுட்டிக்காட்டினாலே போதும்.

1996-ஆம் ஆண்டில் அரசாங்கம் கோலாலம்பூரிலிருந்து சிப்பாங் வரையில் பல்லூடகப் பெருவழி ஒன்றை வகுத்தது. செல்வமும் சாலையும் ஏற்கெனவே நிறைந்த இடத்திலேயே கணினியின் பலனும் குவியலாயிற்று. ஆனால் 1992-இல் தோன்றிய யூனிமாஸ் என்னும் மலேசிய சரவாக் சர்வகலாசாலை, 1998-இல், தன் முகத்தை எதிர்த்திசையில் திருப்பிற்று. கலிமந்தான் எல்லையோரம், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், கெலாபிட் மக்கள் நெல் விளைவித்து வாழும் பாரியோவுக்கு அந்நாளில் சாலை கிடையாது. மிரியிலிருந்து சிறு ஆகாய விமானத்தில் போகவேண்டும். மேகம் கவிந்தால் அதுவும் இல்லை.

அங்கே சென்ற ஆராய்ச்சியாளர், பெட்டிகளை இறக்கிவைத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடவில்லை. ஊராருக்கு எத்தகைய செய்தி தேவை, அதை இதுகாறும் யாரிடமிருந்து பெற்று வருகின்றனர் என்பதையே முதலில் விசாரித்தறிந்தனர். அவர்களுள் ஒருவரான பொலின் பாலா, கெலாபிட் குலத்தில் பிறந்து மானிடவியல் கற்ற மாது. இவ்விசாரணைக்குப் பின்னரே சூரிய ஒளியால் இயங்கும் மின்சாரமும், துணைக்கோள் வழியே இணையமும் மலையேறின. நகரங்களுக்குப் பிழைக்கச் சென்ற மக்களோடு பெற்றோர் செய்தி பரிமாறினர். விடுதி வைத்திருந்தோர் பிரயாணிகளின் வருகையை முன்கூட்டியே அறிந்தனர். இம்முயற்சிக்கு வேண்டிய பணத்தில் ஒரு பங்கு கனடா நாட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதக் கூச்சமாயிருக்கிறது. நம் நாட்டுத் தனவந்தர்கள் அப்பொழுது எங்கே போயிருந்தனரோ!

பின்னர் மேற் பாராம் பகுதியில், பெனான் மக்கள் வாழும் லோங் லாமாய் என்னும் ஊருக்கும் இதே சர்வகலாசாலையார் சென்றனர். அங்கே நிகழ்ந்ததுதான் நம் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. தம் ஊரை ஆராய வரும் அறிஞர் எவ்வாறு வரவேண்டும், எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்று பெனான் மக்கள் விதிகள் வகுத்தனர். பட்டம் பெற்றோர் அவற்றுக்குக் கட்டுப்பட்டனர். இலைகளையும் குச்சிகளையும் வழியில் நட்டுப் பின்வருவோர்க்குச் செய்தி சொல்லும் 'ஓரோ' என்னும் அவர்களது குறிமொழி, கணினி விளையாட்டாக இளைஞர் கைக்கு வந்தது. எதைக் கற்பிக்கலாம், எதை மறைக்கலாம் என்பதில் ஊராரின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. சமத்துவம் என்று நாம் சொல்வது இதைத்தான். பழுதாகிக் கழித்த கணினிகளை ஏழைப் பள்ளிக்குத் தள்ளிவிட்டு, மாலையும் கைதட்டலும் பெற்றுத் திரும்பும் கல்விமான்கள் இதற்கு வேறு ஏதேனும் பெயர் தேடிக்கொள்ளட்டும்.

"கம்பெனிகள் வந்தால் யாவும் தானே கிட்டும், சர்வகலாசாலைக்கு இந்த வேலை ஏன்?" என்று வேறொரு சாரார் கூறுவர். வாடிக்கைக்காரர் நூறு பேரும் இல்லாத மலைச்சரிவில் எந்தக் கம்பெனி தன் பணத்தைப் போட்டுக் கோபுரம் எழுப்பும்? 2020-இல், சபாவின் பீத்தாஸ் வட்டாரத்தில், இணையத்தின் வழியே தேர்வெழுதுவதற்காக ஒரு மாணவி மரத்தின்மேல் பரண் கட்டிக்கொண்டு இராப்பொழுதைக் கழித்தாள். பெருவழி வகுத்து இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றபின் நடந்தது இது! தேர்வே இல்லையென்று பேசியோரும் இருந்தனர். தேர்வு நடந்தது மெய்யே என்று அவளுடைய சர்வகலாசாலை உறுதி கூறிற்று. உறுதி கூறியது நன்றுதான். ஆனால் தன் மாணவி எந்த ஊரில், எந்த வசதியோடு இருக்கிறாள் என்று தேர்வுக்கு முன்னரே விசாரித்திருக்கலாகாதா?

ஆண்டுதோறும் சர்வகலாசாலைகள் வழவழப்பான தாளில் அறிக்கை வெளியிடுகின்றன. வழங்கிய கணினிகளின் தொகை அவற்றில் கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை ஊராரிடம் முதலில் கேட்டனர், பழுதானால் பழுதுபார்ப்பவர் யார், மூன்றாம் ஆண்டுச் செலவை ஏற்பவர் யார் என்ற இந்த மூன்று விவரங்களையும் அதே பக்கத்தில் அச்சிடுமாறு நாம் கேட்கிறோம்.