கேட்டது கிடைக்காத பிள்ளைக்கு என்ன சொல்வது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "என் மகளுக்கு 14 வயது. அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒவ்வொரு இரவும் முழங்காலில் நின்று ஜெபித்தாள். அம்மம்மா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் குடும்ப ஜெபத்துக்கு வருவதில்லை. ஏன் என்று கேட்டால், 'நான் கேட்டதை அவர் தரேல்ல. நீங்கள் கேக்கிறதெல்லாம் நாங்களே செய்யலாம்தானே' என்கிறாள். நான் என்ன சொல்ல?"

அவள் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை முதலில் எடுப்போம். அதில் நிறைய உண்மை இருக்கிறது.

உங்கள் வீட்டு ஜெபத்தை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். டெஸ்ட்டில் நல்ல மார்க், பனியில் பத்திரமான பயணம், அப்பாவுக்குப் ப்ரோமோஷன், வீட்டுக் கடன். நம் அப்பா அம்மா ஜெபித்த காலத்தில் அந்த இடத்தில் அகதி வழக்கும் விசாவும் ஊரில் மாட்டிக்கொண்ட சொந்தங்களும் இருந்தன. தங்கள் கையை மீறியதைத்தான் அவர்கள் கேட்டார்கள். பட்டியல் போடும் பழக்கம் நமக்கும் வந்துவிட்டது. ஆனால் அதில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் நாமே பார்த்துக்கொள்ளக் கூடியவை. படித்தால் மார்க் வரும், மெதுவாக ஓட்டினால் வீடு வந்து சேரலாம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

இவற்றைக் கேட்பது தப்பில்லை. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அன்றாட அப்பம் இருக்கிறது. ஆனால் அப்பத்துக்கு அடுத்தபடியாக அங்கே வருவது மன்னிப்பு. நம் ஜெபம் பல நாள் அப்பத்தோடு நின்றுவிடுகிறது.

கிபியோனில் சாலொமோனுக்குக் கனவில் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது: என்ன வேண்டுமோ கேள். புதிதாக ராஜாவானவன், பணமோ நீண்ட ஆயுளோ கேட்டிருக்கலாம். தான் ஒரு சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாது என்று சொல்லி, நல்லது கெட்டதைப் பிரித்துப் பார்க்கும் இருதயத்தைக் கேட்டான் (1 இராஜாக்கள் 3). அதை எந்த மந்திரியும் கொடுக்க முடியாது.

அன்னாளின் கதை இன்னும் நெருக்கமானது. பிள்ளை இல்லை, வீட்டிலேயே குத்திக்காட்ட ஆள் இருந்தது. அவள் உதடு மட்டும் அசைய ஜெபித்ததைப் பார்த்த ஆசாரியன் ஏலி, குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டாள். அதன்பின் அவள் முகத்தில் அந்தத் துக்கம் இல்லை (1 சாமுவேல் 1). சாமுவேல் அப்போது கருவில்கூட இல்லை. கேட்டது கையில் வரும் முன்பே அவளுக்கு வேறொன்று கிடைத்துவிட்டது.

இனி முதல் வாக்கியம். "நான் கேட்டதை அவர் தரேல்ல." இதுதான் கஷ்டமானது. உயிரும் கடவுள் மட்டுமே தரக்கூடியதுதான். அந்தப் பிள்ளை கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டியவரிடம்தான் கேட்டாள்.

இங்கே நம் ஆட்கள் அவசரப்பட்டுச் சில பதில்களைச் சொல்வார்கள். "விசுவாசம் போதவில்லை" என்று சொல்லாதீர்கள். பாட்டி இறந்த பாரத்தையும் பிள்ளை தலையில் வைப்பது அது. "கடவுளுக்கு அம்மம்மா தேவைப்பட்டார்" என்றும் வேண்டாம், அவளுக்கும்தானே தேவைப்பட்டார்? "ஏன் என்று எனக்கும் தெரியல கண்ணா" என்பதே நேர்மையான பதில்.

பிறகு யோவான் 11-ஐ அவளோடு சேர்ந்து வாசியுங்கள். லாசரு கல்லறையில் 4 நாள் ஆன பிறகுதான் இயேசு வருகிறார். மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான். அவர் இருவரையும் அதட்டவில்லை. மரியாள் அழுவதைப் பார்த்து அவரும் அழுதார். உங்கள் மகள் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான். அதை உங்களிடம் சொல்லிவிட்டாள். அவரிடமே சொல்லலாம் என்று தெரிந்தால் போதும், அதுவும் ஜெபம்தான்.

பவுலும் தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டினார். முள் போகவில்லை, அதைத் தாங்கும் கிருபை வந்தது (2 கொரிந்தியர் 12). இது பிள்ளைக்கு உடனே ஆறுதல் தராது. வருஷங்கள் கழித்துப் புரியலாம்.

குடும்ப ஜெபத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்து பாருங்கள். ஒவ்வொரு விஷயத்தையும் இரண்டாகப் பிரியுங்கள்: இதில் நாம் செய்யவேண்டியது எது, கடவுள் மட்டுமே தரக்கூடியது எது? பரீட்சை என்றால், படிப்பது நம் வேலை. பயம் போவதும், காப்பி அடிக்க வாய்ப்பு வந்தாலும் அடிக்காத மனதும் அவரிடம் கேட்கவேண்டியவை. சிநேகிதியோடு சண்டை என்றால், ஸாரி சொல்வது நம் வேலை. அவள் மனம் இளகுவது நம் கையில் இல்லை. பெரியவர்களும் கேட்கட்டும். பல வருஷமாகப் பேசாத அண்ணனை மன்னிக்கிற மனது வேண்டும் என்று அப்பா பிள்ளைகள் முன்னால் ஜெபித்தால், ஜெபம் எதற்கு என்று அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

தமிழோ இங்கிலீஷோ, பிள்ளைக்கு வருகிற மொழியில் ஜெபிக்கட்டும். வர மனமில்லாத பிள்ளையை இழுத்து உட்காரவைக்கவும் வேண்டாம். அறைக் கதவு திறந்திருந்தால் போதும், காதில் விழும்.