சோப்புக்கு ஒரு நியாயம், கட்சிக்கு ஒரு நியாயமா?

தேர்தல் வந்தால் எங்க ஊர் டீக்கடையில் ஒரு சண்டை நிச்சயம். "நடிகனுக்கு எதுக்குவே அரசியல்?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். தனக்குப் பிடித்த நடிகர் பேசியபோது முதல் ஆளாகக் கைதட்டியவரும் அவராகத்தான் இருப்பார்!

சரி, விஷயத்துக்கு வருவோம். 1996-ல் ரஜினி தி.மு.க. - த.மா.கா. கூட்டணியை ஆதரித்தார். அ.தி.மு.க. 4 தொகுதியோடு சுருண்டது. 1998-ல் அதே கூட்டணியை ஆதரித்தார். அ.தி.மு.க. அணி 30 இடங்களை அள்ளியது. 2004-ல் நதிநீர் இணைப்புக்காக பா.ஜ.க.வுக்கு என் ஓட்டு என்றார், பா.ம.க.வை எதிர்த்தார். பா.ம.க. நின்ற 6 இடங்களிலும் ஜெயித்தது. எங்க நாகர்கோவிலில் பொன். ராதாகிருஷ்ணன் தோற்று, மார்க்சிஸ்ட் பெல்லார்மின் ஜெயித்தார். ஜெயலலிதா 2016-ல் இறந்தபின் நடந்த இரங்கல் கூட்டத்தில், அவரைப் புண்படுத்தியதற்காக ரஜினி வருத்தப்பட்டார்.

உடனே "பச்சோந்தி" என்கிறோம். நாம் மட்டும் என்ன, பரம்பரையாக ஒரே சின்னத்துக்கா குத்துகிறோம்? மனசு மாறுவது குற்றமில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2011-ல் தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் பேசினார் வடிவேலு. ஜோக்குக்குச் சிரித்தோம், ஓட்டை வேறு பக்கம் போட்டோம். அதன்பிறகு பல வருஷம் அவருக்குப் படங்கள் குறைந்துபோயின. பேசினால் பிழைப்பு போகும், பேசாவிட்டால் கோழைப் பட்டம். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

அப்படியானால் நடிகரிடம் எதுவுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம். நான் காமர்ஸ் மாணவன், எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஒரு வருஷம் விளம்பரத்தில் நடிக்கவே தடை போடலாம். சொன்னது உண்மைதானா என்று முன்கூட்டியே விசாரித்திருந்தால் அபராதம் கிடையாது. சோப்புக்கே இவ்வளவு! நம்மை அஞ்சு வருஷம் ஆளப்போகிற கட்சிக்கு ஒன்றுமில்லை.

இதற்கும் சட்டம் போடச் சொல்லவில்லை. போட்டால் ஆளுங்கட்சி அதை எதிரணிக்குப் பேசியவர் மேல்தான் பாய்ச்சும். என் எதிர்பார்ப்பு மூன்றே மூன்று. எதற்காக ஆதரிக்கிறேன் என்று காரணம் சொல்லணும். காசு வாங்கியிருந்தால் அதையும் சொல்லணும். அஞ்சு வருஷம் கழித்து, அந்தக் காரணம் என்ன ஆச்சு என்று அதே மேடையில் வந்து சொல்லணும்.

ரஜினி 2004-ல் முதலாவதைச் செய்தார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். நதிகள் இணைந்ததா என்று திருப்பிக் கேட்கவேண்டியது நம் வேலை. நாம்தான் அடுத்த படத்துக்கு டிக்கெட் எடுக்கப் போய்விட்டோமே!