பிடிப்போனுக்கும் ஒரு பரிசு

கபடி எனப்படும் சடுகுடுக் களத்தில் பாடிச் செல்வோனையே நம் கண்கள் தொடர்கின்றன. அவனை மடக்கிப் பிடிப்போன் பெயரை அறிவார் சிலரே. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரொன்றில் 1975-ஆம் ஆண்டு பிறந்த தர்மராஜ் சேரலாதன் இதற்கு விலக்காவார். வலக்கோடியில் நின்று, எதிரியின் கணுக்காலைப் பற்றுவதே அவர்தம் தொழில். ஆட்டக்காரர் பலர் ஓய்ந்து வீடடையும் 41-ஆம் வயதில், 2016-இல், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அவ்வாண்டே அகமதாபாத்தில் ஈரானை 38-29 என வென்று உலகக் கோப்பை கொண்ட இந்திய அணியிலும் இருந்தார். உடனாடிய இளைஞர்க்கு அவர் ‘அண்ணா’.

ஆட்ட விதியும் பிடிப்போனுக்குச் சற்று ஓரவஞ்சனையே செய்கின்றது. பாடிச் செல்வோன் ஒரே மூச்சில் மூவரைத் தொட்டால் மூன்று புள்ளி. எழுவர் கூடி அவனை மடக்கினும் கிடைப்பது ஒன்றே. களத்தில் மூவரோ அதனினுங் குறைவாகவோ எஞ்சி நின்று பிடித்தால் மட்டும் இரண்டு. (பட்டுப் புடவையின் கரையையும் முந்தானையையும் வியந்து உடலை மறப்பவர் நம் காஞ்சியிலும் உளர்.)

நம் விளையாட்டு விழாவிலும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு பாடிச் செல்வோனுக்கே போகின்றது. புள்ளியேட்டில் பிடித்தோர் பெயரையும் எழுதுமாறு விளையாட்டுக் குழுவினரை வேண்டுகின்றேன். பிடிப்போனுக்கெனத் தனிக் கோப்பையொன்று வைப்பின், அதற்காகும் செலவும் பெரிதன்று.