ஒரே மாதிரி, இரு வேறு முடிவுகள்

கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பாப் ஸ்மியர் பரிசோதனையின் முடிவை, ரத்தச் சர்க்கரை அளவைப் போல இயந்திரம் தரும் எண்ணாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது, கண்ணாடித் தகட்டில் பரப்பப்பட்ட செல்களை நுண்ணோக்கியில் பார்த்து ஒருவர் எட்டும் முடிவு. ஆளுக்கு ஆள், ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறக்கூடியது. 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ‘ஐயத்துக்குரிய மாற்றம்’ என வகைப்படுத்தப்பட்ட 1,473 மாதிரிகளை வேறு நிபுணர்கள் மீண்டும் பார்த்தபோது, 43 சதவீதத்தில் மட்டுமே அதே முடிவுக்கு வந்தனர்.

இந்த வரம்பை வெளிப்படையாகப் பேசாத அமைப்பு என்ன விலை கொடுக்கும் என்பதற்கு அயர்லாந்து சான்று. விக்கி ஃபெலனின் 2011-ஆம் ஆண்டு மாதிரி இயல்பானது என அறிக்கை தரப்பட்டது; 2014-இல் அவருக்குப் புற்றுநோய் உறுதியானது. பழைய அறிக்கை தவறு என்று மறு ஆய்வில் தெரிந்திருந்தும், 2017-இல்தான் அவரிடம் சொல்லப்பட்டது. 2018 ஏப்ரலில் அமெரிக்க ஆய்வகம் 25 லட்சம் யூரோ இழப்பீட்டுக்கு உடன்பட்டது. அதன்பின், இதே நிலையில் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் இருப்பதும், அவர்களில் பெரும்பாலோரிடம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்பதும் வெளிவந்தன. ஆறு ஆய்வகங்கள் என்று கருதப்பட்ட இடத்தில் 16 ஆய்வகங்கள் மாதிரிகளைக் கையாண்டிருந்ததை, கேப்ரியல் ஸ்காலியின் விசாரணை 2019-இல் கண்டறிந்தது.

அதே ஆண்டு, புற்றுநோய்க்கு ஆளான 1,038 பெண்களின் பழைய மாதிரிகளை பிரிட்டன் நிபுணர் குழு மீளாய்வு செய்தது. 308 பேரின் முடிவுகள் மாறுபட்டன. ஏற்கெனவே நோய் கண்டவர்களின் மாதிரிகள் என்பதால், எல்லாப் பரிசோதனைகளுக்கும் இவ்விகிதம் பொருந்தாது. இங்கிலாந்தின் அனுபவத்துடன் இது ஒத்திருப்பதாகவே குழு கூறியது.

இங்கு இரண்டு குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். கண்ணின் பிழையை முற்றிலும் நீக்க இயலாது. மௌனத்தை நீக்க இயலும். 2020 முதல் அயர்லாந்து எச்.பி.வி. வைரஸ் பரிசோதனையை முதற்கட்டமாக்கியுள்ளது. அதில் வைரஸ் தென்பட்டால், அடுத்து மீண்டும் நுண்ணோக்கிதான். எனவே, ஆய்வகங்கள் ஒன்றின் மாதிரிகளை மற்றொன்று மறுவாசிப்பு செய்வதும், ஒவ்வொன்றின் முடிவு விகிதத்தையும் வெளியிடுவதும் தொடர வேண்டும்.

பிழையைச் சொன்னால் பெண்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள் என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. இந்நோய் பெரும்பாலும் பல ஆண்டுகளில் மெல்ல உருவாவது. ஒருமுறை தவறியதை அடுத்த பரிசோதனை பிடித்துவிடக்கூடும். ஒரு முடிவோடு நின்றுவிடாமல் திரும்பத் திரும்ப வர வேண்டியதன் காரணமே அதுதான். இதை முன்கூட்டியே விளக்கினால் நம்பிக்கை வளரும். மறைத்தது பின்னாளில் தெரியவந்தால்தான் அது உடையும். ஃபெலன் 2022-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, கடுமையான மருத்துவத் தவறுகளை நோயாளியிடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அயர்லாந்து இயற்றியது. தன் உடல் குறித்த உண்மையை அறிய எந்தப் பெண்ணும் நீதிமன்றம் வரை செல்ல நேரக் கூடாது.